வடித்த கஞ்சி யாருக்கு

நான் நகம் சேகரிப்பவள்.
கால் பெருவிரல் நகம் என்றதும்
எல்லோரும் முதலில் சிரிப்பார்கள்.
ஃபரித்பூர்ப் பக்கம், பத்மாவின் பழைய கிளையொன்று
தடத்தை மட்டும் விட்டுப் போன ஊர்.
காகித உறையில் நகம்,
பையில் ஒரு பிடி அரிசி,
உறைமேல் பேர்: மொர்ஜினா, வயது முப்பத்தொன்று.

அவள் வீட்டு அடிகுழாய்க்குச் சிவப்பு அடித்து
பதினேழு வருஷம்.
இப்போது எது துரு, எது எச்சரிக்கை
தெரியவில்லை.
பச்சைக் குழாய் சிக்தர் வீட்டு முற்றத்தில்.
இரண்டு வீட்டுக்கும் நடுவே
ஒரு வாய்க்கால் வழக்கு கிடக்கிறது.
விடியுமுன் போய், யார் முகமும் பாராமல்,
இரண்டு குடம் கொண்டுவருகிறாள்.
குடிக்க மட்டும்.

வயலுக்கு வேறு கணக்கு.
மாசி வெயிலில் டீசல் இஞ்சின் இருமி இருமி
அதே ஆழத்துத் தண்ணீரைக் கக்குகிறது.
குழாய்க்குச் சிவப்பு அடித்தவர்கள்
நெல்லுக்கு எதை அடிப்பார்கள்?
நிலத்தின் வகை என்ற கட்டத்தில்
நஞ்சை என்று எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
வெந்ததா என்று சொல்லும், அவ்வளவுதான்.
நிறமில்லாத, மணமில்லாத,
நாக்கில் ஒரு கரகரப்புகூட இல்லாத ஆர்சனிக்கை
எந்தப் பருக்கை சொல்லும்?
அதற்கு டாக்காவில் ஓர் இயந்திரம் இருக்கிறது.
ஏழு வாரம் ஆகும்.

அதுவரைக்கும் என்னிடம் படம் போட்ட அட்டை.
அரிசியை நன்றாகக் கழுவு.
ஒரு பங்குக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர்.
கொதித்ததும் வடி.
"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?
நாங்கள் என்றைக்கு வடிக்காமல் தின்றோம்?"
பானையைச் சாய்த்தாள்.
ஆவிக்குள் அவள் முகம் போய் வந்தது.
வடிக்கிறார், ஆம், என்று குறித்தேன்.

பேனாவை மூடுமுன்
அலுமினியக் கிண்ணத்தில் உப்பு விழுந்தது.
சின்னவன் துதுல் இரண்டு கையாலும் ஏந்தி
ஒரே மூச்சில் குடித்தான்.
மேலுதட்டில் வெள்ளை மீசை.

அட்டையிலும் ஒரு பெண் வடிக்கிறாள்.
வடித்தது எங்கே போகும் என்று வரைய
அதில் இடமில்லை.

கொட்டிவிடுங்கள் என்றேன்.
"கொட்டவா?"
மாட்டுக்கு வைக்கட்டுமா என்றாள். பால், என்றேன்.
சேம்புப் பாத்திக்கு?
அது வேரால் குடித்துத் தண்டில் வைத்துக்கொள்ளும்,
தண்டு உங்கள் குழம்புக்கு வரும்.
"அப்போ இந்தக் கஞ்சிக்கு
உலகத்தில் போக்கிடமே இல்லையா ஆபா?"
பிறகு விரல்விட்டு எண்ணினாள்.
ஆறு பங்கு என்றால் இன்னும் மூன்று குடம்.
சிக்தர் வீட்டு வாசலை
இன்னும் மூன்று தடவை மிதிக்க வேண்டும்.
அதற்கும் அட்டையில் படமில்லை.

அடுத்த மார்கழியில் போனபோது
கஞ்சிக்குக் கொல்லைமூலையில் ஒரு குழி இருந்தது,
தட்டி போட்டு மூடி.
துதுலின் புது நகத்தில் எண் இறங்கியிருந்தது.
கொஞ்சம்தான். நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.
தொஃபாஸ்ஸல் மூட்டைகளைக் காட்டினான்:
மழையில் விளைந்த ஆமன் இந்தப் பக்கம், வீட்டுக்கு.
குழாய்த் தண்ணீரில் விளைந்த போரோ
சித்திரையிலேயே லாரி ஏறிவிட்டது.
"நீங்கள் சொன்னபடிதானே?"
நான் அப்படிச் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

டாக்காவில் என் தெருக் கடையில்
இது எந்த வயல் அரிசி என்று கேட்டேன்.
கடைக்காரர் தராசைப் பார்த்தபடி சொன்னார்:
"வெந்தால் சோறு."
அன்றிரவு ஆறு பங்கு வைத்து, வடித்து,
கிண்ணத்தைத் தொட்டியின் மேல் பிடித்தபடி நின்றேன்.
உப்புச் சாடி பக்கத்திலேயே இருந்தது.

பிறகு கால்விரலைக் கழுவி, வெட்டி,
உறையில் போட்டேன்.
பேர் எழுதிவிட்டேன்.
வயதில்தான் ஒரு நிமிஷம் தடுமாறினேன்.